குதிரைச் சூட்டு அச்சும் எங்கள் வீட்டுக்காரரும்

அக்கா அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, மூக்கைத்தான் கிட்டே கொண்டுபோனாள்.

பழம்பொருள் சந்தையில் ஒரு சாக்கு விரிப்பின் மேல் வெண்கல மணிகளுக்கும் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் நடுவில் கிடந்தது அது. ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி. அதன் முனையில் இதழ் இதழாக விரிந்த வெண்கலப் பூ. கறுத்துப்போய், எண்ணெய் குடித்த மினுமினுப்போடு இருந்தது.

"ஏட்டி, தேங்காண்ணெ வாசம் அடிக்குது," என்றாள் என் காதோரமாக.

கடைக்காரர் ஓடிவந்தார். காரைக்குடிப் பக்கத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும் கயிறு. "தொட்டுப் பாருங்க ஆச்சி. ஜமீன் காலத்துச் சாமான். குதிரைக்குச் சூடு வைக்கிற அச்சு இது."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. குதிரைக்காக அல்ல. காரைக்குடியில் எந்தப் பெண்ணையும் மரியாதையாக ஆச்சி என்பார்கள். எங்களூரில் ஆச்சி என்றால் பாட்டி. அக்காவுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்தான். அதற்காகக் கண்டவரெல்லாம் கூப்பிட முடியுமா?

"எந்த ஜமீன்தாருவே குதிரை முதுகுல பூப் போட்டாரு?" என்று எங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். நான் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். எங்கள் இல்லறத்தில் இந்தப் பாஷை மட்டும் அவருக்கு உடனே புரியும்.

அது என்னவென்று எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அச்சு முறுக்கு சுடும் அச்சு. கிறிஸ்துமஸ் வந்தால் காய்கிற எண்ணெயில் பூவைச் சூடாக்கி, மாவில் முக்கால்வாசி முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டு ஒரு உதறு உதறினால், மாவு பூவாகப் பிரிந்து மிதக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த உதறலில்தான் ஒவ்வொரு வீட்டின் மானமும் இருக்கிறது.

அக்காவின் கை

இந்தத் தொடரில் முன்பு அக்காவைப் பற்றி நான் எழுதிய, ஆற்றில் செருப்பு போன கதையைப் படித்துவிட்டு, "உங்க அக்கா இப்ப எப்படி இருக்காக?" என்று இரண்டு பேர் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். அக்காவை என்னைவிட அதிகம் பேருக்குப் பிடித்துப்போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, அக்கா வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, "எலும்பு நல்லா கூடியிருக்கு, இனி தைரியமா வேலை செய்யுங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். பந்து பேரனுக்குப் போனது. அக்கா எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையில் ஒரு துணியைச் சுற்றி, யாரோ ஒப்படைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கைக் கடையில் வாங்கினோம். அக்கா ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. இத்தனைக்கும் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அவள்தான் சுட்டுக்கொடுப்பவள். பண்டிகைக்கு முந்தின வாரமெல்லாம் அவள் அடுக்களையில் கூட்டம் கோயில் வாசல் மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷம் நான் விடவில்லை. சண்டை போட்டேன், கெஞ்சினேன், சாப்பிடமாட்டேன் என்றுகூடச் சொன்னேன். அதை யாரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் "சரி, போடுவோம்" என்றாள். பரணிலிருந்து அச்சை எடுத்துக் கையில் கொடுத்தேன். வலது கையில் வாங்கினாள். வாங்கின வேகத்தில் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. பூ ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம்.

கம்பி உள்ளே துருவேறி எப்போதோ அரித்துப் போயிருந்தது. யார் கையிலிருந்து விழுந்திருந்தாலும் உடைந்திருக்கும். இதை நான் நூறு முறை சொன்னேன். அக்கா கேட்கவில்லை. "என் கையில இனி ஒண்ணும் நிக்காதுளா," என்றாள்.

புது அச்சு வாங்கிவந்தேன். அலுமினியம். முதல் முக்கலில் மாவு ஒட்டவே இல்லை. அடுத்த முக்கலில் ஒட்டியது, விடவே இல்லை. அக்கா அடுப்பை அணைத்தாள். கரைத்த மாவைத் தோசையாக ஊற்றித் தின்றோம்.

நான் பயந்துபோனேன். மாவு வீணானதற்கு அல்ல. அக்கா இப்படியே உட்கார்ந்துவிடுவாளோ என்று. கை கூடினபிறகும் மனசு ஒடிந்தே கிடந்தால் அதற்கு எந்த டாக்டர் கட்டுப் போடுவார்? அந்த வாரம்தான் சந்தை வந்தது.

மில்லுக்குள் சந்தை

கார்த்திகை மழை ஓய்ந்து, ஆற்றில் தண்ணீர் தெளியத் தொடங்கும் நாட்களில் இந்தப் பழம்பொருள் சந்தை வரும். பாளையங்கால்வாய்க் கரையில் ஓட்டம் நின்றுபோன ஒரு அரிசி மில்லில் கூடும். வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வரைக்கும்தான். காரைக்குடி, நாகர்கோவில், பாண்டிச்சேரி என்று எங்கிருந்தெல்லாமோ லாரியில் சாமான் வந்து இறங்கும். மில்லுக்குள் நுழைந்ததும் இன்னும் தவிட்டு வாசம் வரும். ஓட்டு இடுக்கில் புறாக்கள் கூடு கட்டியிருக்கும். கீழே கடை போட்டவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் வியாபாரம் செய்வார்கள்.

வால்வு ரேடியோ, பீங்கான் ஜாடி, பூப் போட்ட தகரப் பெட்டி, சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி. பாத்திரக் கடைகளில்தான் கூட்டம் நெரியும். வாங்குவதற்கு அல்ல. எங்களூர் ஆட்களுக்குப் பாத்திரத்தைக் கண்டால் உடனே திருப்பி, வெட்டியிருக்கும் பெயரைப் படிக்கவேண்டும். "இது நம்ம மேலத்தெரு சம்மந்தி வீட்டு அண்டால்லா? இதையும் வித்துட்டாகளா?" என்று அங்கேயே ஒரு விசாரணை நடக்கும். நானும் படித்தேன். ஒளிப்பானேன்?

ஒரு மூலையில் மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்த ஒரு பெண்மணி கம்பளிகளை அடுக்கி வைத்திருந்தாள். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, இப்போது டவுனில் வாடகைக்கு இருக்கிறாளாம்.

"அங்கன இது இல்லாம ராத்திரி கண்ணை மூட முடியாதுக்கா. இங்கன ஃபேனைப் போட்டாலும் உறக்கம் வரல. பெறகு எதுக்கு இதைக் கட்டி அழுதுகிட்டு?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, நான் பிரித்துப் போட்ட கம்பளியை மடிப்புக் கலையாமல் மெதுவாக மடித்தாள். ஒன்று வாங்கிக்கொண்டேன். "பாளையங்கோட்டையில கம்பளியா? அடுத்தாப்ல பனிச்சறுக்குக் கட்டையும் வாங்கிருவோமா?" என்று கேட்டவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது மதியத் தூக்கத்துக்கு அதைத்தான் தலைக்கு வைத்துக்கொள்கிறார்.

அக்காவை இங்கே கூட்டிவந்ததே அச்சு தேடித்தான். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. "சும்மா வா, பராக்குப் பாத்துட்டு வருவோம்" என்றுதான் சொல்லியிருந்தேன். அவளே கண்டுபிடித்து, மோந்தும் பார்த்துவிட்டாள். இதழ்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஒரு வருஷமாக நான் பார்க்காத பார்வை அது.

"என்ன விலை?" என்றேன், ஏதோ பூட்டைக் கேட்பதுபோல.

"இது விலைக்கு இல்லைங்க ஆச்சி. கடைசி நாள் ஏலத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். ஸ்பெசல் ஐட்டம்," என்றார் காரைக்குடிக்காரர்.

அக்கா நிமிர்ந்தாள். "வா, போவோம்," என்றாள். பார்வையும் போய்விட்டது.

"மதினி, நீங்க கவலைப்படாதிய," என்றார் என் வீட்டுக்காரர். "ஏலம்னா அது நம்ம கோட்டை."

ஒரு சேவல் உறங்கிப்போன கதை

இந்த இடத்தில் எங்கள் சபையின் ஏலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் விளங்காது.

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு, காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, முட்டை, கோழி. ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் வைத்து ஏலம் போடுவார்கள். வருகிற பணமெல்லாம் கோயிலுக்கு. ஆகவே இங்கே யாரும் குறைத்துக் கேட்பதில்லை. கடையில் வாங்குவதைப்போலப் பல மடங்கு விலைக்குப் பூசணி போகும்.

ஏலம் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் கொண்டுபோனால் "அவன் பூசணிக்காயை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்லே" என்று அடுத்த பண்டிகை வரை பேசுவார்கள். எடுத்த கையோடு, பணத்தைக் கட்டிவிட்டு, "திருப்பி விடுங்க!" என்று கம்பீரமாகச் சொல்லவேண்டும். அதே பூசணி மறுபடி ஏலத்துக்கு வரும். அடுத்தவர் எடுத்து அவரும் திருப்பி விடுவார். திருப்பி விட்டவர் அதே சாமானை மறுபடி கேட்கக் கூடாது. அது அடுத்தவர் முறை. ஒரு வருஷம் ஒரு சேவலை இப்படி மாறி மாறி ஏலம் விட்டதில், அது களைத்துப்போய் மேசை மேலேயே கண்ணை மூடி உறங்கிவிட்டது.

இந்த ஏலத்தில் எங்கள் வீட்டுக்காரர் பெரிய ஆள். நில அளவை அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பைய பேசியவர், அந்த ஒரு நாள் மட்டும் சிங்கம். அவர் "திருப்பி விடுங்க" சொல்லும் அழகைக் கேட்கவே ஒரு கூட்டம் உண்டு. அவரும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு புன்னகை புரிவார். கல்யாணமான புதிதில் அந்தப் புன்னகைக்கு நான் மயங்கியது உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

திருப்பி விடுங்க

கடைசி நாள் சாயங்காலம் மெல்லிசாகத் தூறிக்கொண்டிருந்தது. மில் முற்றத்தில் தார்ப்பாயைக் கட்டி ஏலம் வைத்தார்கள். எங்கள் சபைக்காரர்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஏலம் என்றால் எங்களால் வீட்டில் இருக்க முடியாது.

அக்கா வர மறுத்தாள். ஆட்டோவில் ஏற்றித் தூக்கிக்கொண்டு வராத குறை. வந்தவள், பின்னால் மூட்டை நிறுக்கும் மேடையில் உட்கார்ந்துகொண்டாள்.

அச்சு வந்தது. "ஜமீன் குதிரைக்குச் சூடு வச்ச அச்சு!" என்று காரைக்குடிக்காரர் தூக்கிக் காட்டினார். எதிரே போட்டிக்கு வந்தவர், புறவழிச்சாலையில் புதிதாக ஓட்டல் கட்டுகிறவர். ஓட்டல் சுவரில் மாட்டுவதற்கென்று காலையிலிருந்து ரேடியோ, சைக்கிள் விளக்கு, ஏர்க்கலப்பை என்று அள்ளிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்கு அவரைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கேட்டார். என் வீட்டுக்காரர் ஏற்றினார். அவர் ஏற்றினார். இவர் இன்னும் ஏற்றினார். சிங்கம் எழுந்துவிட்டது. எவ்வளவு என்று எழுதப்போவதில்லை, என் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். கடைசியில் ஓட்டல்காரர் கையை விரித்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! சபைக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்தக் கைதட்டல்தான் கெடுத்தது.

என் வீட்டுக்காரர் பணம் கட்டக்கூட மறந்து எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மில் ஓட்டிலிருந்த புறாவெல்லாம் பறக்கும்படி முழங்கினார்.

"திருப்பி விடுங்க!"

காரைக்குடிக்காரர் திகைத்துப்போனார். "என்னண்ணே, சாமான்ல ஏதும் குறையா?"

"குறையா? ஒண்ணும் கிடையாது. சந்தோசமாத் திருப்பி விடுதேன்!"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார், அந்தப் புன்னகையோடு. என் முகத்தைப் பார்த்தார். புன்னகை பாதியில் நின்றது.

"என்னட்டி... நான் என்ன செஞ்சேன்?"

"என்ன செஞ்சியளா? பூசணிக்காயா அது? அக்காவுக்கு வாங்கின அச்சைத் தூக்கி ஊருக்குக் குடுத்துட்டு நிக்கிய! உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய?"

அதற்குள் பின்னாலிருந்து சபைக்காரர்கள் கலகலவென்று சிரித்து, "விடுங்க விடுங்க, மறு ஏலம் விடுங்க!" என்று குரல் கொடுத்துவிட்டார்கள். வழக்கம் தெரிந்தவர்கள் ஆயிற்றே. காரைக்குடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எடுத்தவரே வேண்டாம் என்கிறார், கூட்டமும் விடச் சொல்கிறது, அவர் என்ன செய்வார்? ஓட்டல்காரர் சட்டென்று கையைத் தூக்கினார்.

"ஏங்க, கேளுங்க!" என்று என் வீட்டுக்காரரை உலுக்கினேன்.

"திருப்பி விட்டவன் கேக்கக் கூடாதுல்லா..." என்றார் பரிதாபமாக. மனிதருக்கு அந்த நேரத்தில் சபை ஒழுங்கு நினைவுக்கு வருகிறது! நானே கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். தொலைபேசி நிலையத்தில் ஆயுசு முழுக்கப் பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு, வேண்டிய நேரத்தில் குரல் வரவில்லை.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"ஏ தம்பி, நிறுத்தும். நான் கேக்கேன்."

அக்கா. மேடையிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். கையை உயர்த்தியிருந்தாள். துணி சுற்றிய கையை.

ஓட்டல்காரர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு எதுக்கும்மா இது? என் ஓட்டல் வாசல்ல மாட்டினா ஊரே வந்து பாக்கும்."

"பாக்கதுக்கா? இது திங்கதுக்குப்பா. அச்சு முறுக்கு சுடுற அச்சு."

"குதிரைக்கு இல்லையா ஆச்சி?" என்றார் காரைக்குடிக்காரர், உண்மையாகவே மனம் உடைந்து.

"உம்ம குதிரைக்கும் ரெண்டு தாரேன், கொண்டுபோயிக் குடும். இப்பம் ஏலத்தை விடும். ஆச்சியாம் ஆச்சி!"

மில்லே சிரித்தது. ஓட்டல்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொரு முறை ஏற்றினார். வியாபாரி அல்லவா? அக்கா அதற்கு மேலே ஒரு தொகை சொன்னாள். தூக்கின கையை இறக்கவில்லை. ஓட்டல்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மூணு தரம்.

என் வீட்டுக்காரர் ரூபாயோடு ஓடினார். அக்கா தடுத்துவிட்டாள். "நீங்க கேட்டதை நீங்க திருப்பி விட்டுட்டிய தம்பி. இது நான் கேட்டது. நான்தான் குடுப்பேன்." அச்சை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். "விடுட்டி," என்றாள்.

சட்டி காய்ந்தது

மறுநாள் காலையில் அச்சைக் கஞ்சித்தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெயில் ஒரு முறை நன்றாகக் காயவிட்டாள். அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள். தேங்காய் துருவியது என் வீட்டுக்காரர். யாரும் கேட்கவில்லை. தானாகவே வந்து உட்கார்ந்து துருவினார்.

முதல் முறுக்கு அச்சை விடவில்லை. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்ததில் உடைந்தது. அடுத்ததும் பாதி பூவாகத்தான் வந்தது. உடைந்ததையெல்லாம் என் வீட்டுக்காரர் தின்று தீர்த்தார். "நல்லாத்தான் இருக்கு மதினி," என்றார் பைய.

அக்கா இடது கையால் முந்தானையை இழுத்துச் செருகினாள். மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து ஓரமாகப் போட்டாள். உதறுவதற்கு அது இடைஞ்சலாக இருந்திருக்கவேண்டும். நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சு காய்ந்தது. மாவில் முக்கினாள். எண்ணெயில் விட்டாள். உதடு இறுகியது. ஒரு உதறு.

பூ கழன்று விழுந்து, சுழன்று மிதந்தது. எல்லா இதழோடும்.

"வலிக்குதாக்கா?" என்றேன்.

"வலிக்கத்தான் செய்யுது," என்றாள் அக்கா. "அதுக்காகக் காயுற சட்டியை இறக்கிர முடியுமா? தள்ளி நில்லு, எண்ணெ தெறிக்கும். தெரு முழுக்கக் குடுக்கணும்."